கண்ணாடிச் சட்டத்துக்குள் கம்ப்யூட்டர் சிப்! கொடுக்கிற காசுக்குத் தகுமா?

சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம்.

உள்ளே சாமி படம் இல்லை. தாத்தா படம் இல்லை. கல்யாணப் போட்டோவும் இல்லை.

கறுப்புத் துணி விரித்திருக்கிறது. அதன் நடுவே 2 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சின்னப் பொருள். வெள்ளைப் பீங்கான் உடம்பு. நடுவில் பளபளவென்று தங்க மூடி. இரண்டு பக்கமும் பூரான் கால்களைப் போல எட்டு எட்டுக் கம்பிகள்.

இது என்ன?

பழைய கம்ப்யூட்டர் சிப்!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்படிச் சட்டம் போட்ட சிப்கள் விலைக்கு வருகின்றன. "கலைப்பொருள்" என்று சொல்லி விற்கிறார்கள். வரவேற்பறையில் மாட்டலாம், பிறந்த நாள் பரிசாகக் கொடுக்கலாம் என்கிறார்கள்.

விலை என்ன தெரியுமா? சாதாரண சிப் என்றால் சில பத்து டாலர். கிடைப்பதற்கு அரிய சிப் என்றால் ஆயிரம் டாலரையும் தாண்டும். ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஆயிரம் டாலர் என்பது 85 ஆயிரம் ரூபாய்!

அந்தப் பணத்துக்கு ஓடுகிற கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம். ஓடாத சிப்புக்கு இவ்வளவா?

"ஓவியம் மட்டும் ஓடுகிறதா? அதற்கு லட்சம் லட்சமாகக் கொடுக்கவில்லையா?" என்று வியாபாரி திருப்பிக் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆகவே, வேலை செய்கிறதா என்பதை விட்டுவிடலாம். பார்க்கிறவர் கண்ணுக்கு அதில் என்ன கிடைக்கிறது? அதைத்தான் பார்க்க வேண்டும்.

சிப் என்றால் என்ன?

டிரான்சிஸ்டர் ரேடியோ எல்லோருக்கும் தெரியும். டிரான்சிஸ்டர் என்பது, எளிதாகச் சொன்னால், ஒரு சுவிட்சு. மின்சாரத்தைப் போக விடும், அல்லது நிறுத்தும்.

இப்படிப்பட்ட சுவிட்சுகளை ஆயிரக்கணக்கில் ஒரு சின்னச் சிலிக்கான் துண்டில் அடக்கி, ஒன்றோடு ஒன்று இணைத்துவிட்டால் அதுதான் சிப். கணக்குப் போடுவதும், நினைவில் வைப்பதும், கட்டளைப்படி நடப்பதும் இந்தச் சுவிட்சுகளின் வேலை.

அந்தச் சிலிக்கான் துண்டு மிகவும் மெல்லியது. கை பட்டால் கெட்டுவிடும். அதனால் அதைப் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடுகிறார்கள். வெளியே தெரிகிற கம்பிக் கால்கள், உள்ளே இருப்பதோடு மின்சாரத் தொடர்பு கொள்வதற்கு.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் "சிப்" என்று கையில் எடுப்பது கூடு. உண்மையான சிப் உள்ளே இருக்கிறது.

இன்டெல் 4004

சிப் சேகரிப்பவர்கள் வாயில் எப்போதும் வருகிற பெயர் ஒன்று உண்டு. இன்டெல் 4004.

ஜப்பானில் பிசிகாம் என்று ஒரு கம்பெனி இருந்தது. கணக்குப் போடும் மெஷின் செய்கிற கம்பெனி. 1969-ல் அந்தக் கம்பெனி, அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கியிருந்த இன்டெல் கம்பெனியிடம் வந்தது. "எங்கள் மெஷினுக்குச் சிப்கள் செய்து கொடுங்கள்" என்று கேட்டது.

ஜப்பானியர் கேட்டது பல சிப்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. இன்டெலில் இருந்த டெட் ஹாப் என்பவருக்கு வேறு யோசனை வந்தது. ஒரே சிப் எல்லா வேலையும் செய்யட்டும். என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டளையாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். ஸ்டான்லி மேசர் என்பவர் அவரோடு சேர்ந்து திட்டம் தீட்டினார். ஜப்பானில் இருந்து வந்த மசாடோஷி ஷிமாவும் உழைத்தார்.

திட்டம் காகிதத்தில் இருந்தது. அதைச் சிலிக்கானில் செய்து காட்ட ஆள் வேண்டுமே! 1970 ஏப்ரலில் பெடரிகோ பாஜின் வந்து சேர்ந்தார். இத்தாலிக்காரர். வயது 28.

அவர் ராத்திரி பகலாக உழைத்தார். டிசம்பர் மாதக் கடைசியில் முதல் சிப்கள் தொழிற்சாலையில் இருந்து வந்தன. சோதித்துப் பார்த்தார். ஒன்றுகூட வேலை செய்யவில்லை!

பாஜின் இடிந்துபோனார். மைக்ராஸ்கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. சிப்பைப் படிப்படியாகச் செய்யும்போது, ஒரு படியைத் தொழிற்சாலைக்காரர்கள் மறந்து விட்டுவிட்டார்கள். பாஜின் போட்ட படத்தில் தவறு இல்லை.

1971 ஜனவரியில் மறுபடியும் சிப்கள் வந்தன. இரவு நேரத்தில் தனியாக உட்கார்ந்து சோதித்தார். வேலை செய்தது! அதிகாலையில்தான் வீட்டுக்குப் போனார்.

அந்தச் சிப் 3 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் நீளம். அதற்குள் 2,300 டிரான்சிஸ்டர்கள். 1971 நவம்பரில் இன்டெல் அதைப் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. கடையில் விலைக்குக் கிடைத்த முதல் மைக்ரோபிராசசர் என்று அதைச் சொல்கிறார்கள். இன்று கைபேசியிலும், காரிலும், சலவை மெஷினிலும் இருக்கிற சிப்களுக்கு அது மூத்த அண்ணன்.

மூடிக்கு விலை

இதைக் கேட்டதும், "அப்படிப்பட்ட சிப்புக்கு ஆயிரம் டாலர் கொடுத்தால் என்ன?" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

4004 பல விதமான கூடுகளில் வந்தது. முதலில் வந்தது வெள்ளைப் பீங்கான் கூடு, தங்க மூடி. அதிலும் பீங்கானுக்கு உள்ளே ஓடுகிற சாம்பல் நிறக் கோடுகள் வெளியே தெரிந்தால் விலை இன்னும் ஏறும். பிறகு சாதாரணப் பீங்கான் வந்தது. கறுப்புப் பிளாஸ்டிக்கும் வந்தது. பிளாஸ்டிக் கூட்டில் இருக்கும் 4004-ன் விலை மிகவும் குறைவு.

எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது என்ன? அதே 4004!

பாஜின் தூக்கம் கெட்டு உழைத்தது பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளும் இருக்கிறது. தங்க மூடிக்குள்ளும் இருக்கிறது. விலை வித்தியாசம் முழுவதும் மூடிக்கு. பட்டுப்புடவை வாங்கப் போய், புடவையைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டிக்குப் பணம் கொடுத்தது போல!

தங்க மூடி அழகாக இல்லையா? அழகுதான். ஆனால் அந்த மூடியை அழகுக்காக யாரும் போடவில்லை. தங்கம் துருப்பிடிக்காது. மூடியை நன்றாகப் பற்ற வைக்கலாம். ஈரம் உள்ளே போகாது. அதற்காகப் போட்டார்கள். பிறகு செலவைக் குறைக்கத் தங்கத்தை விட்டார்கள். கூடு செய்த ஆலையில் யாரும் அதைக் கலை என்று நினைத்துச் செய்யவில்லை.

உள்ளே இருப்பது அப்படி அல்ல.

கத்தியால் வெட்டிய படம்

4004 செய்த நாளில், சிப்புக்குப் படம் போடக் கம்ப்யூட்டர் உதவிக்கு வரவில்லை. எல்லாம் கை வேலை.

முதலில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் பென்சிலால் காகிதத்தில் வரைந்தார்கள். பிறகு ரூபிலித் என்ற பிளாஸ்டிக் தாளை விரித்தார்கள். அதன் மேல் பக்கம் சிவப்பாக இருக்கும். சிவப்புத் தோலைச் சின்னக் கத்தியால் கீறி, வேண்டாத இடத்தை உரித்து எடுக்க வேண்டும். மாங்காய் தோல் சீவுவது போன்ற காரியம் அல்ல. ஒரு கோடு தவறினால் சிப்பே போச்சு! சிப்பைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய அந்தப் படத்தைப் போட்டோ எடுத்து, சிறிதாக்கி, சிறிதாக்கி, கடைசியில் சிலிக்கானில் பதித்தார்கள்.

அந்தக் கோடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆகாயத்தில் இருந்து ஒரு பெரிய பட்டணத்தைப் பார்ப்பது போல இருக்கும். தெருக்கள், சந்துகள், வரிசை வீடுகள், மைதானங்கள். ஒரு கோடுகூடச் சும்மா போட்டது அல்ல. ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு.

பாஜின் அந்தப் பட்டணத்தின் ஓரத்தில் தன் பெயரின் முதல் எழுத்துக்களைப் பொறித்து வைத்தார். "எப். எப்." என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கள். ஓவியர் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவதைப் போல!

சட்டம் போட்டு விற்கிறார்களே, அதில் இந்தக் கையெழுத்து தெரியுமா? தெரியாது. தங்க மூடி மறைத்துக்கொண்டு இருக்கிறது.

ஆக, படம் உள்ளே, பார்க்கிறவர் வெளியே. நடுவில் இரண்டு மூடி: ஒன்று தங்கம், இன்னொன்று கண்ணாடி. இதைக் கலை என்று சொல்லி விற்பது சரி அல்ல. ஞாபகப் பொருள் என்று சொல்லி விற்றால் சண்டை இல்லை.

1990-ல் நியூயார்க் நகரத்தின் நவீனக் கலை மியூசியம் சிப்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. அங்கே சுவரில் மாட்டியது என்ன? கூட்டை அல்ல. சிப்பின் உள் படத்தைப் பெரிது பெரிதாக அச்சிட்டு மாட்டினார்கள். கலை எங்கே இருக்கிறது என்பது மியூசியத்துக்குத் தெரிந்திருந்தது.

யாருக்கும் தெரியாத பொம்மைகள்

உள்ளே கையெழுத்து மட்டும்தானா? வேடிக்கைகளும் உண்டு.

சிப் செய்த எஞ்சினீயர்கள், காலி இடம் கிடைத்தால் சின்னச் சின்னப் பொம்மைப் படங்களைப் பொறித்துவிடுவார்கள். முதலாளிக்குக்கூடத் தெரியாது! மைக்ராஸ்கோப் வைத்துத் தேடினால்தான் கிடைக்கும்.

அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்தில் மைக்கேல் டேவிட்சன் என்பவர் மைக்ராஸ்கோப்பில் சிப்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு இருந்தார். ஒரு நாள் ஒரு சிப்பின் மூலையில் ஒரு முகம் தெரிந்தது. குழந்தைகள் புத்தகத்தில் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் வால்டோவின் முகம்! அதற்குப் பிறகு அவர் தேடித் தேடி இப்படிப்பட்ட பொம்மைகளைச் சேர்த்தார். "சிலிக்கான் மிருகக்காட்சிச் சாலை" என்று அதற்குப் பெயர் வைத்தார்.

டிஜிட்டல் என்ற அமெரிக்கக் கம்பெனி, 1980-களில் ஒரு சிப்பில் ரஷ்ய மொழியில் ஒரு வாசகத்தைப் பொறித்தது. அப்போது அமெரிக்கக் கம்ப்யூட்டர்கள் திருட்டு வழியாகச் சோவியத் நாட்டுக்குப் போய்க்கொண்டு இருந்தன. அங்கே சிப்பைப் பிரித்துப் பார்த்துக் காப்பி அடிப்பார்கள் என்று எஞ்சினீயர்கள் எதிர்பார்த்தார்கள். "திருடுவது என்று ஆகிவிட்டால் நல்ல சரக்காகப் பார்த்துத் திருடுங்கள்" என்கிற கருத்தில் எழுதி வைத்தார்கள். தப்பும் தவறுமான ரஷ்யன்! இருந்தாலும், பிரிக்கிறவன் எழுத்துக் கூட்டியாவது படித்துக்கொள்வான் அல்லவா?

இந்தப் பொம்மைகளுக்கு ஒரு உபயோகமும் இருந்தது. போட்டிக் கம்பெனி சிப்பை அப்படியே காப்பி அடித்தால் பொம்மையும் சேர்ந்து வந்துவிடும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். 1984-ல் சிப் படங்களைக் காப்பி அடிக்கக்கூடாது என்று அமெரிக்காவில் சட்டமே வந்துவிட்டது.

அமிலத் தொட்டியில் இருந்து தப்பியவை

இதெல்லாம் சரி. சட்டம் போடுகிறவர்கள் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

பழைய சிப்புக்கு இரண்டு கதிதான் உண்டு. ஒன்று குப்பை. மற்றொன்று தங்கம் எடுக்கிறவர் கை.

பழைய சிப்களின் கால்களிலும் மூடியிலும் தங்கப் பூச்சு இருக்கிறது. அதை அமிலத்தில் கரைத்துப் பிரித்து எடுக்கிறார்கள். 1995-ல் வந்த பென்டியம் புரோ என்ற பீங்கான் சிப், தங்கம் எடுக்கிறவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. டில்லியில் சீலம்பூர் பகுதியில் பழைய எலெக்ட்ரானிக் சாமான்களை உடைத்துப் பிரிப்பதே ஒரு தொழிலாக நடக்கிறது. வெறும் கையோடு, அமிலப் புகையில், ஏழைகள் செய்கிற வேலை அது.

அரிய சிப்புக்கும் உதவாத சிப்புக்கும் அமிலத்துக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் கரையும். கண்ணாடிச் சட்டத்துக்குப் போன சிப்பாவது தப்பித்தது!

ஆனால், எப்படித் தப்பித்தது என்று பார்க்க வேண்டும். சில வியாபாரிகள் சிப்பின் முதுகில் பசையைத் தடவி அட்டையில் ஒட்டிவிடுகிறார்கள். எடுத்தால் எழுத்து உரியும், கால் உடையும். ஊசி குத்தாமல், பசை தடவாமல், பள்ளம் வெட்டிய அட்டையில் பதித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். சட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னால், வியாபாரியின் யோக்கியதை அங்கே தெரிந்துவிடும்.

போலியும் இருக்கிறது. சிப்பின் மேல் அச்சிட்ட எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு வேறு நம்பரை அச்சடிப்பது பழைய தந்திரம். பல சிப்களின் மேல் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வருஷம், அடுத்த இரண்டு வாரம். 7342 என்றால் 1973-ம் வருஷம் 42-வது வாரம். எல்லாச் சிப்பிலும் இப்படி இருக்காது. இருந்தால் பார்ப்பது நல்லது. "1971 சிப்" என்று எழுதி விற்கும் சட்டத்துக்குள் 1980-ல் செய்த சிப் உட்கார்ந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்!

விலை வேறு, அழகு வேறு

2014-ல் நியூயார்க்கில் ஒரு ஏலம் நடந்தது. கிறிஸ்டீஸ் என்ற புகழ்பெற்ற ஏலக் கம்பெனி நடத்தியது.

ஏலத்துக்கு வந்தது, 1958-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் செய்த ஆரம்பகால மாதிரிச் சிப். ஜாக் கில்பி என்ற எஞ்சினீயரின் யோசனையில் பிறந்தது. அந்த யோசனைக்காக அவருக்கு 2000-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

10 லட்சம் முதல் 20 லட்சம் டாலர் வரை போகும் என்று கிறிஸ்டீஸ் மதிப்புப் போட்டது. கேட்டவர்கள் 8 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வரை வந்தார்கள். அதற்கு மேல் குரல் எழும்பவில்லை. உடையவர்கள் மனதில் வைத்திருந்த குறைந்தபட்ச விலை வராததால், அது விற்காமலே திரும்பியது.

அது பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? சின்ன ஜெர்மேனியம் துண்டு. அதன் மேல் முடி போன்ற தங்கக் கம்பிகள் கோணல் மாணலாக நீட்டிக்கொண்டு இருக்கும். தங்க மூடி இல்லை, வெள்ளைப் பீங்கான் இல்லை. உலகத்தை மாற்றிய சரக்கு, பார்க்க லட்சணமாக இல்லை! லட்சணமான 4004-ஐப் போலப் பல நூறு மடங்கு விலை அதற்குக் கேட்டார்கள். அழகுக்கும் சிப் விலைக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான்.

காசுக்குத் தகுந்த சட்டம் எது?

அப்படியானால் எதுவுமே வாங்கத் தகுந்தது இல்லையா? இருக்கிறது. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிகிற சட்டம்!

ஜன்னல் வைத்த சிப் என்று ஒரு வகை உண்டு. 1971-ல் இன்டெலில் டோவ் புரோமன் என்பவர் கண்டுபிடித்தார். எழுதி வைத்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் சிப் அது. புற ஊதா ஒளியைக் காட்டினால் எழுதியது அழிந்துவிடும், மறுபடியும் எழுதலாம். ஒளி உள்ளே போவதற்காக, கூட்டின் நடுவில் ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல் வைத்திருப்பார்கள்.

அந்த ஜன்னல் வழியாகப் பாருங்கள். சிலிக்கான் துண்டு தெரியும். திருப்பும்போது மயில் கழுத்தைப் போல நிறம் மாறும். அதைச் சுற்றிலும் சிலந்தி நூலைப் போலக் கம்பிகள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் குழந்தைகளுக்கு அரை மணி நேரம் பொழுது போகும். லட்சக்கணக்கில் செய்த சரக்கு என்பதால் விலையும் கொள்ளை விலை அல்ல. தங்க மூடிச் சிப்பைவிட இது எவ்வளவோ மேல்.

சிப்புக்கு முன்னால் கம்ப்யூட்டரில் இருந்த நினைவுப் பலகையையும் சட்டம் போட்டு விற்கிறார்கள். கடுகு போன்ற காந்த வளையங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். பெரும்பாலும் பெண்கள், மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே கோத்தார்கள். பூக்காரி மல்லிகை தொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். இங்கே மூடி கிடையாது. செய்தவள் கை முழுவதும் கண் முன்னால் இருக்கிறது. இதற்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பு இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. அமெரிக்கக் கம்பெனிகளில் ஒரு சிப்பைச் செய்து முடித்ததும், உழைத்தவர்களுக்கு அதே சிப்பைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் பதித்துப் பரிசு கொடுப்பார்கள். அப்பா செய்த சிப் வீட்டு அலமாரியில் இருந்தால், அதற்கு விலை பேச யாருக்கு உரிமை இருக்கிறது? அது அந்த வீட்டுச் சொத்து. கடையில் வாங்கி மாட்டுகிறவருக்கு அந்த உறவு இல்லை. வியாபாரி அந்த உறவுக்கும் சேர்த்து விலை போடுகிறார்!

தறியில் நெய்த சிப்

கடைசியாக, சிப்பைப் பற்றிய ஒரு உண்மையான கலைப்பொருள். அதில் சிப் இல்லை!

அமெரிக்காவில் நவஹோ என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். ஆட்டு ரோமத்தில் கம்பளம் நெய்வதில் பெயர் பெற்றவர்கள். 1965-ல் பேர்சைல்ட் என்ற சிப் கம்பெனி, அவர்கள் வாழும் ஷிப்ராக் என்ற ஊரில் ஆலை வைத்தது. ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் நவஹோப் பெண்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி சிப் வேலை செய்தார்கள்.

1969-ல் கம்பெனி ஒரு வெளியீடு போட்டது. அதில் சிப் படமும் நவஹோக் கம்பளமும் இடம் பெற்றன. கம்பளம் நெய்கிற கை சிப் செய்வதற்கும் ஏற்ற கை என்று பெருமை பேசியது. 1975-ல் ஆலைக்குள் போராட்டக்காரர்கள் புகுந்து ஒரு வாரம் போல இருந்தார்கள். அதன் பிறகு கம்பெனி ஆலையை மூடிவிட்டது. பெருமை பேசிய கை வேலை இல்லாமல் நின்றது.

அந்த ஆலையில் செய்த சிப்களும் எங்கோ சட்டங்களுக்குள் இருக்கலாம். எந்தப் பெண் செய்தாள் என்று எந்தச் சட்டத்திலும் எழுதி இருக்காது.

1994-ல் இன்டெல் கம்பெனி, மேரிலூ சுல்ஸ் என்ற நவஹோப் பெண்மணியிடம் ஒரு கம்பளம் நெய்து தரச் சொன்னது. அவர் கணக்கு ஆசிரியையும்கூட. பென்டியம் சிப்பின் உள் படத்தைப் போட்டோவாகக் கொடுத்தார்கள். 31 லட்சம் டிரான்சிஸ்டர் உள்ள சிப். அவர் தறியில் உட்கார்ந்து, நூல் நூலாக அதை நெய்தார். பார்ப்பதற்குப் பரம்பரைக் கம்பளம் போலவே இருக்கும். சிப் தெரிந்தவர்கள் பார்த்தால், "இது இன்ன இடம், இது இன்ன இடம்" என்று பாகம் பாகமாக அடையாளம் சொல்லலாம்!

2024-ல் வாஷிங்டன் நகரில் தேசியக் கலைக்கூடத்தில் நெசவுக் கலைக் கண்காட்சி நடந்தது. அங்கே அந்தக் கம்பளத்தை மாட்டியிருந்தார்கள். நெய்தவர் பெயரையும் போட்டிருந்தார்கள்.

சட்டம் போட்ட சிப்பைக் கலை என்று சொல்லி விலை கேட்கிறவர்கள், அந்தக் கம்பளத்தின் பக்கத்தில் தங்கள் சரக்கை வைத்துப் பார்க்கட்டும்.

வாங்கிவிட்டவர்களுக்கு

ஏற்கனவே வாங்கி மாட்டியவர்கள் வருத்தப்பட வேண்டாம். சட்டத்துக்குப் பக்கத்தில், அந்தச் சிப்பின் உள் படத்தைப் பெரிதாக அச்சிட்டு இன்னொரு சட்டத்தில் மாட்டுங்கள். அதற்கு அதிகச் செலவு ஆகாது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பளபளப்பைப் பார்ப்பார்கள். பிறகு படத்தின் பக்கத்தில் நின்றுவிடுவார்கள்.

ஜன்னல் வைத்த சிப் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயில் விழுகிற சுவரில் மாட்டக் கூடாது. நேர் வெயில் ஒரு வாரம் பட்டால் போதும். சிப்பில் எழுதி இருப்பது அழிந்துவிடும். குழல் விளக்கு வெளிச்சம்கூட மூன்று வருஷத்தில் அழித்துவிடும் என்று அதைச் செய்த கம்பெனியே சொல்லி இருக்கிறது. ஜன்னல் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினால் அழியாது. ஆனால் உள்ளே இருப்பது தெரியாது!